சீரோவில் கிடந்த மோட்டார்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே. அதற்கும் மேலே தொழில் கர்வம். பதினெட்டு வருடம் வளைகுடாவில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு, இரணியல் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பியவன், தம்பியின் மோட்டார் ஷெட்டைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன்.

அவனுக்கு இரண்டு மோட்டார். ஒன்று கிணற்றுத் தண்ணீருக்குள்ளேயே கிடப்பது, இன்னொன்று போர்வெல்லில். கிணறு வற்றினால் போர், ஊறினால் கிணறு என்று மாற்றி மாற்றி ஏத்தன் வாழைக்குத் தண்ணீர் விடுவான். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் வோல்டேஜ் இறங்கிவிடும். அப்படி ஒரு தடவை மோட்டாருக்குள் இருக்கிற காயில் கருகியே போயிற்று. அதனால் ஒரு மோட்டாரின் வயரைப் பிடுங்கிவிட்டு மற்றதின் வயரைச் செருகுவான், அதுவும் ஈரக் கையோடு.

"ஏலே, சாவுறதுக்கு வேற வழியே கெடைக்கலியா ஒனக்கு?" என்று கேட்டேன்.

"அதான் நீ வந்துட்டியே, சரியாக்கித் தா" என்று சிரித்தான்.

மறுநாளே ஒரு செலக்டர் ஸ்விட்ச் வாங்கி மாட்டினேன். ஒன்றில் திருப்பினால் கிணறு, இரண்டில் போர், நடுவில் சீரோ. தலைகீழாக நின்று திருகினாலும் இரண்டும் சேர்ந்து ஓடாது. ஷெட்டுக்கு வந்த வயர் இரண்டு, ஒன்று நீலம், ஒன்று கறுப்பு. கறுப்பை ஸ்விட்சுக்குள் கொடுத்து, நீலத்தை நேராக இரண்டு மோட்டாருக்கும் இழுத்தேன். கையே தானாகச் செய்த வேலை. இரண்டும் சொன்னபடி ஓடின, சொன்னபடி நின்றன.

கிணற்று மோட்டாரின் வாயை வாழைச்சருகு அடிக்கடி அடைத்துக்கொள்ளும். அப்போதெல்லாம் தம்பிதான் இறங்கி, தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தோண்டி எடுப்பான். இனி சீரோவில் வைத்துவிட்டுப் பயமில்லாமல் இறங்கலாம் என்று அவனிடம் சொல்லி வைத்தேன்.

பதினைந்து நாள் கழித்துக் கிணற்று மோட்டார் முக்கத் தொடங்கியது. தம்பியும் நானுமாகக் கயிறு போட்டு மேலே இழுத்தோம். கேபிள் பாறையில் உரசி உரசித் தோல் கிழிந்து, உள்ளே செம்பு தெரிந்தது. அவன் வாழைக்குலைகளை ஏற்றிக்கொண்டு வடசேரி சந்தைக்குப் போக, நான் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு கேபிளை வெட்டி ஒட்ட உட்கார்ந்தேன். தம்பியின் மனைவி சாயா கொண்டுவந்தாள்.

"அத்தான், டெஸ்டர் வெச்சுப் பாத்தியளா?"

"சீரோலதான் கெடக்கு. கண்ணு தெரியலியா?"

"கெடக்கட்டும். பாத்தா என்ன கொறஞ்சா போயிரும்?"

பதினெட்டு வருடம் இதே வேலை பார்த்தவனிடம் வந்து கேட்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வாயை அடைப்பதற்காகவே, கரண்ட் இருந்தால் விளக்கு எரிகிற டெஸ்டரை எடுத்துச் செம்பில் வைத்தேன். எரிந்தது.

டெஸ்டர் கெட்டுப்போயிருக்கும் என்று வேறொன்றை எடுத்து வைத்தேன். அதுவும் எரிந்தது. ஸ்விட்சை இரண்டில் திருப்பிப் பார்த்தேன், மறுபடி சீரோவில் வைத்துப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் எரிந்தது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நான் வேலை பார்த்த கம்பெனியில் நீலம்தான் நியூட்ரல், கறுப்பில் கரண்ட் வரும். நம் ஊரில் நேர்மாறு. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றிலும் கரண்ட், கறுப்புதான் நியூட்ரல். ஐ.டி.ஐ.யில் முதல் வாரமே படித்த பாடம் அது. ஸ்விட்ச் வைத்து நான் வெட்டியிருந்தது கரண்ட் திரும்பிப் போகிற வழியை. மோட்டார் நிற்கும், ஆனால் கரண்ட் அதற்குள்ளேயே நிற்கும். தம்பி தண்ணீருக்குள் நிற்கும்போது இந்தக் கேபிள் கிழிந்திருந்தால் அவன் அங்கேயே முடிந்திருப்பான்.

"என்ன அத்தான், எரியுது?"

"ஸ்விட்ச் சரியில்ல" என்றேன். கூசாமல் சொன்னேன்.

மெயினை இறக்கிவிட்டுக் கோட்டாறுக்குப் பஸ் ஏறினேன். கரண்ட் வயர், நியூட்ரல் இரண்டையும் ஒன்றாக வெட்டுகிற செலக்டர் வேண்டும், சீரோவில் வைத்துப் பூட்டுப் போட வசதியும் வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்டேன். "மோட்டருக்கு எல்லாரும் ஒத்த வயரு வெட்டுறதத்தான் வாங்கிட்டுப் போறாவ அண்ணாச்சி" என்றார். எல்லாரும் எதையும் வாங்கட்டும், எனக்கு இதுதான் வேண்டும் என்று நின்றேன். அவர் கடையில் அது இல்லை. நாலாவது கடையில்தான் கிடைத்தது. கரண்ட் கசிந்தால் தானாகவே விழுகிற பிரேக்கரும், எர்த்துக்குக் குழாயும் கம்பியும் சேர்த்து வாங்கினேன்.

பழைய வயரிங்கில் ஒரு முழம்கூட மிச்சம் வைக்கவில்லை. எர்த்துக்குக் குழி தோண்டினேன். கிழிந்த கேபிளை ஒட்டாமல் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக இழுத்தேன். இந்தத் தடவை நிறத்தை நம்பவில்லை. ஒவ்வொரு வயரையும் டெஸ்டர் வைத்துப் பார்த்து, கரண்ட் வருகிறதில் சிவப்பு டேப் சுற்றினேன். மறுநாள் மத்தியானம் வேலை முடிந்தது. தம்பியின் மனைவியைக் கூப்பிட்டு ஸ்விட்சைத் திருப்பச் சொல்லி, ஒவ்வொரு நிலையிலும் இரண்டு மோட்டாரின் வயரையும் அவள் கண்முன்னால் சோதித்தேன். சீரோவில் எதுவும் எரியவில்லை. அதே நிலையில் பூட்டைப் போட்டேன். கிணற்றில் இறங்குகிறவன் இனிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

தம்பி கயிற்றைக் கையில் எடுத்தான். "மோட்டர எறக்கட்டா?"

"நில்லு." வாயை மூடிக்கொண்டிருந்தால் என் பெயர் தப்பிவிடும். ஆனால் அவன் இறங்கப்போகிற கிணறு இது. "அந்த ஸ்விட்சுக்கு ஒரு கொறையும் இல்ல மக்கா. தப்பு எனக்கதுதான். வயர மாத்திக் குடுத்துட்டேன். இந்தப் பதினஞ்சு நாளும் சீரோல வெச்சாலும் மோட்டர்ல கரண்ட் இருந்திருக்கு."

அவன் மனைவி என்னையே பார்த்தாள். தம்பி கயிற்றைக் கீழே வைத்தான்.

"போன வெள்ளிக்கிழம ரெண்டு தடவ எறங்குனேன்" என்றான். "சருகு எடுக்க. கழுத்தளவு தண்ணி."

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தம்பியின் கையைப் பிடித்தேன், விட முடியவில்லை.