பியானோவில் வழி தவறிய டிரைவரம்மா

டிப்போவில் எல்லோருக்கும் அவர் டிரைவரம்மாதான். இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டி, ஒருநாள்கூட வழி தவறாதவர். ஐம்பத்து மூன்றாவது வயதில் பியானோ வகுப்பில் சேர்ந்தார். காதில் விழுந்த மெட்டை எந்தச் சுருதியிலும் வாசித்துவிடுவார். தாளில் எழுதியிருப்பதைப் படிப்பதுதான் வேப்பங்காய்.

ஆண்டு விழாவுக்கு டீச்சர் கொடுத்தது ரொமான்டிக் காலத்து ஐரோப்பிய இசை. இரண்டே நிமிஷம். இடது கை அரை அரை ஸ்வரமாக நழுவி இறங்க, மேலே மெட்டு ஏங்கிக்கொண்டே போகும். நடுவில், சம இடைவெளியில் நாலு கட்டைகளைச் சேர்த்து அழுத்த வேண்டிய ஒரு கார்டு, அதாவது ஸ்வரக்கூட்டு.

"இங்கதான் ஜாக்கிரதை. இதுலேர்ந்து நாலு சுருதிக்குப் போகலாம், நாலும் காதுக்குச் சரியாத்தான் இருக்கும். நீங்க கிளம்பின சுருதிக்கே திரும்பணும்," என்றாள் டீச்சர். டிரைவரம்மாவின் மகள் வயதுதான் அவளுக்கு.

"ரவுண்டானா மாதிரியா?"

"அதேதான்."

"அப்ப கவலைய விடுங்க டீச்சர்."

விழாவில் முதல் நிமிஷம் கச்சிதம். கார்டு வந்ததும் விரல் தடுமாறி, இசை வேறொரு சுருதியில் போய் இறங்கியது. தாளில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. நிறுத்த மானம் இடம் கொடுக்கவில்லை. புதுச் சுருதியில் முதலிலிருந்து வாசித்தார். வந்து நின்றது மறுபடி அதே கார்டு, அதே தப்பு. மூன்றாம் சுற்றிலும் அதே கதை. அடுத்து வாசிக்க வேண்டிய பல் டாக்டர் மேடைப் படியில் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

நாலாவது தடவையும் அதே தப்பைச் செய்தார். விரல்கள் கிளம்பிய சுருதியிலேயே வந்து உட்கார்ந்தன. நம்ப முடியாமல் கடைசி வரியை அவசரமாக வாசித்து எழுந்துவிட்டார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாலு தடவையும் ஒரே தப்பு. தடவைக்கு ஒரு வழி தள்ளி, ரவுண்டானாவை முழுசா சுத்தி வந்துட்டீங்க. அதான் தப்பிச்சீங்க. நடுவுல ஒரு தடவை சரியா வாசிச்சிருந்தா வேற எங்கயோ போய் முடிச்சிருப்பீங்க."

"என் வாழ்க்கையில ஒழுங்கா செஞ்ச தப்பு இது ஒண்ணுதான்," என்றார் டிரைவரம்மா.

அவமானம் உறுத்தியது. ஒரு மாதம் விடாமல் பழகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிசகில்லாமல் இரண்டு நிமிஷத்தில், விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருந்த கணவருக்கு வாசித்துக் காட்டினார்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மனுஷர், கண்ணை மூடி உட்கார்ந்தே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஏன் பாதியில நிறுத்திட்ட?"