தூள் விழாத சுவர்

எங்கள் வீட்டுப் பின்பக்கச் சுவரில் முதல் பள்ளத்தை நான் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் பெயிண்டர். ஐந்தாவது முடித்ததும் சித்தப்பாவோடு வாளி தூக்கப் போனவன். பாகூர்ப் பக்கத்து ஊர்களிலும் புதுச்சேரி டவுனிலுமாக எத்தனையோ வீட்டுச் சுவர்களைப் பார்த்தாயிற்று. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அங்கே இருக்கும் ஆட்களுக்கு முன்னால் சுவர்தான் என் கண்ணில் படும்.

வீட்டை ஒட்டிப் பின்னால் ஒரு கீற்றுக் கொட்டகை உண்டு. அதற்கு ஒரு பக்கம் வீட்டுச் சுவரேதான். மண் சாந்து வைத்துக் கட்டி மேலே சுண்ணாம்பு பூசிய பழைய சுவர். தரையில் ஒருவர் உட்கார்ந்தால் முகம் வரும் உயரத்தில், கட்டைவிரல் அகலத்துக்குச் சுண்ணாம்பு பெயர்ந்து உள்ளே மண் தெரிந்தது. எலியாக இருக்கும் என்று நினைத்தேன். பெயிண்ட் அடிப்பதற்கு முன் சுவரைச் சமமாக்குவதற்குப் பட்டி என்று ஒரு வெள்ளை மாவு கலந்து பூசுவோம். வேலையில் மிஞ்சிய பட்டி வீட்டில் இருந்தது. குழைத்து அடைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அதே இடத்தில் இரண்டு பள்ளங்கள். நான் பூசிய பட்டியையும் காணோம். குனிந்து தரையைப் பார்த்தேன். எதுவாக இருந்தாலும் சுவரைச் சுரண்டினால் கீழே தூள் விழ வேண்டும். எலிக்குத் தூளைப் பெருக்கத் தெரியாது. தரையில் ஒரு பொட்டுத் தூள் இல்லை. பள்ளத்தின் ஓரத்தை விரலால் தொட்டேன். ஈரமாக இருந்தது.

அந்தக் கொட்டகையில்தான் அப்போது என் மனைவி இருந்தாள். மாதவிலக்கு வந்தால் எங்கள் வீட்டில் பெண்கள் உள்ளே வருவதில்லை. சுவருக்கு உள்பக்கம் குலசாமிக்கு முடிந்து வைத்த மஞ்சள் துணி தொங்குகிறது. என் அம்மா இருந்தவரை அவள் சொல்லி நடந்தது. அம்மா போன பிறகும் என் மனைவி விடவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டோம். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அவள் வெளியே இருக்கும் நாட்களில் நான் சமைத்து, தட்டைக் கொட்டகை வாசல் கல்லில் வைத்துவிட்டு வருவேன். நான் நகர்ந்ததும் அவள் எடுத்துக்கொள்வாள்.

முன்பெல்லாம் மூன்று நாள்தான். அந்த வருடம் ஐந்தாயிற்று, பிறகு பத்து. உள்ளே வந்து நாலு நாள் அடுப்படியில் நிற்பாள், திரும்பவும் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவாள். "இன்னும் நிக்கலியா?" என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். இருபத்து மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்தும் அந்தப் பேச்சு எனக்கு வராது. மருந்துக்கடையில் பேட் வாங்கக்கூட, வேறு ஆள் யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சீட்டைத்தான் நீட்டுவேன்.

அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்துக் கொட்டகைக்குள் போய், பட்டியை ஐந்தாறு முறை பூசியிருப்பேன். பூசப் பூசப் போனது. தெருநாய் இரண்டு கொட்டகைக்கு வெளியே வந்து படுக்க ஆரம்பித்தன. விரட்டினாலும் குரைக்காமல் எழுந்து நாலடி தள்ளிப் படுத்துக்கொள்ளும்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் சுவரைக் காட்டினேன். அவள் கிட்டே வரவில்லை. வேலி ஓரமே நின்றுகொண்டாள்.

"எலி இல்லப்பா இது. ஓம் பொண்டாட்டி மூஞ்சப் பாத்தியா? வெளுத்துப் போய் உரிச்ச கெழங்காட்டம் இருக்கா. காட்டேரிப்பா. ரத்தம் இருக்கிற எடத்த விட்டுப் போவாது அது."

"சும்மா இரு அக்கா."

"நான் இன்னா சும்மா இருக்கிறது? அது உச்சிவேளைலதான் வரும். நீ காலைல போனா பொழுது சாஞ்சிதான வர்ற. ஒருநாளு உச்சிக்கு வந்து நீயே பாரு. பாத்துட்டு அப்பறமா அக்காளப் பேசு."

அவளே எலுமிச்சம்பழம் மந்திரித்து வாங்கிவந்து கொட்டகை வாசலில் கட்டினாள். பழம் காய்ந்து கறுத்ததுதான் மிச்சம். பள்ளம் கையகலம் ஆகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை வேலையிடத்தில் தலைவலி என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினேன். கரும்புத் தோட்டத்து வழியில் ஒரு ஆள் இல்லை. தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தன. வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டுச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். என் வீட்டுக்கே திருடன் போலப் போனேன். வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்தபோது நாய்கள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்தன.

உள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. நறநறவென்று, மாடு அசைபோடுவதைவிட மெதுவாக.

கீற்று இடுக்கில் பார்த்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியைச் சுவரில் முட்டுக்கொடுத்திருந்தாள். நகத்தால் ஒரு கீறு கீறி, விழுவதற்குள் உள்ளங்கையில் பிடித்து வாயில் போட்டாள். கையில் ஒட்டியதை நக்கினாள். பக்கத்தில் சொம்பில் இருந்த தண்ணீரைச் சுவரில் தெளித்து, அந்த ஈரத்தை மோந்து பார்த்துவிட்டு நாக்கை வைத்தாள்.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. என் கையிலிருந்து செருப்பு விழுந்தது. அவள் திரும்பினாள். வீடு மாறி வந்த ஆளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். உதட்டைச் சுற்றி வெள்ளையாக இருந்தது. அது நான் பூசிய பட்டி.

"மழ பேஞ்ச வாசன வருது மாமா," என்றாள். "நிறுத்தலாம்னுதான் பாக்கறேன். கை போவுது."

நான் உள்ளே போகவில்லை. இதை எழுதும்போதுகூட அதுதான் உறுத்துகிறது. வாசல் கல்லுக்கு இந்தப் பக்கமே நின்றேன். அவள் எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தாள். பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தாள். அவள் எழுந்த இடத்தில் பாய் நனைந்து கறுத்திருந்தது. அப்போதுதான் கல்லைத் தாண்டினேன்.

ஆட்டோ பிடித்து, முதலில் ஒரு தனியார் நர்சிங் ஹோமுக்குத்தான் கூட்டிப்போனேன். அரசு ஆஸ்பத்திரியில் நாலு பேருக்கு நடுவில் நின்று இதைச் சொல்ல வேண்டுமே என்ற கூச்சம்தான் காரணம். ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார்கள். வரவேற்பு மேசையில் இருந்த பெண், "காப்பீட்டு கார்டு இருக்காண்ணா?" என்று கேட்டாள்.

எங்களுக்கு இல்லை. என் பெயர் அண்ணன் வீட்டு ரேஷன் அட்டையில் இருக்கிறது. அண்ணனுக்கு மாதச் சம்பளம், அதனால் அது வசதியுள்ளவர்களுக்குத் தரும் மஞ்சள் அட்டை. காப்பீடு கேட்டுப் போனால், ஏழைகளுக்குத் தரும் சிவப்பு அட்டை இருக்கிறதா என்பார்கள். தனி அட்டை எழுதிக்கொடுக்கப் போகலாம் போகலாம் என்று வருடங்கள் போயின. அங்கே கவுண்டரில் பேச வேண்டும். என் மனைவியின் பெயரோ எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் அவள் அம்மா வீட்டு அட்டையிலேயே கிடந்தது. எங்கள் ஊரிலிருந்து மூன்று வயல் தாண்டினால் அவள் பிறந்த ஊர். அந்த மூன்று வயலைத் தாண்டி ஒரு பெயரை நான் கொண்டுவரவில்லை. அந்தப் பக்கத்துக் காப்பீட்டுக்கு அவள் இங்கே வாழ்க்கைப்பட்டவள், இந்தப் பக்கத்துக்கு அவள் அங்கே உள்ளவள். மேசைக்கு முன்னால் நின்றபோது, இரண்டு ஊரிலும் இல்லாத ஒருத்தியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. நான் பிடித்திருந்த அவள் கை வேறு சில்லென்று இருந்தது.

"கார்டு இல்லன்னா முன்பணம் கட்டணும்ணா. இல்லாட்டி கவருமெண்ட்ல காட்டிடுங்க. லேட் பண்ணாதீங்க," என்றாள் அந்தப் பெண். நல்ல மாதிரியாகத்தான் சொன்னாள்.

டவுனில் இருந்த அரசு ஆஸ்பத்திரியில் ஒரு வயதான டாக்டரம்மா. சுற்றிலும் படிக்கிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், நோட்டும் கையுமாக. டாக்டரம்மா என் மனைவியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை. பிரைமர் மட்டும் அடித்த வெள்ளைச் சுவர் போல இருந்தது.

"எத்தனை நாளாம்மா ரத்தம் படுது?"

"மூணு நாளு டாக்டர்," என்றாள் என் மனைவி.

"சரியாச் சொல்லு."

"மூணு. இல்லாட்டி நாலு."

பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பொய் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். இத்தனை பேருக்கு முன்னால் அவளாலும் சொல்ல முடியாது என்பதும் தெரியும். டாக்டரம்மா அடுத்த தாளுக்குப் போனார். அந்தத் தாளில் மூன்று நாள் என்று இருந்தால் மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்கள், அவள் திரும்பவும் கொட்டகைக்குப் போவாள், நான் திரும்பவும் தட்டு வைப்பேன்.

"அது இல்லீங்க டாக்டர்," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது. "மொதல்ல பதினோரு நாளு. நாலு நாளு உள்ள வந்தா. அப்பறம் பதினாறு. ரெண்டு நாளு உள்ள. இப்ப வெளிய போயி இன்னியோட இருவது."

டாக்டரம்மா நிமிர்ந்தார். "எப்படிப்பா இவ்ளோ கரெக்டா சொல்ற?"

"நான்தாங்க சமைச்சேன்."

ஒரு பிள்ளை சிரித்துவிட்டது. டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"எனக்கு நாலு கொழம்புதாங்க தெரியும். மாத்தி மாத்தி வெப்பேன். இன்னிக்கி வேலைக்கிப் போறதுக்கு முன்ன புளிக்கொழம்பு வெச்சேன். அஞ்சாவது சுத்து முடிஞ்சிருக்குது."

என் மனைவி அப்போதுதான் என்னைப் பார்த்தாள். வாய் திறந்தது திறந்தாயிற்று என்று கொட்டகையையும் வாசல் தட்டையும் சுவரையும் சொன்னேன். மண்ணை, சுண்ணாம்பை, நான் அடைத்த பட்டியை. டாக்டரம்மாவின் பேனா நின்றது.

"பட்டி எத்தனை தடவ பூசின?"

"அஞ்சு. ஆறு இருக்கும்."

"பொண்டாட்டிய ஒரு தடவ கேக்கத் தோணலியா?"

அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பி, ரத்தம் மிகவும் குறைந்துபோனால் உடம்பு இப்படி மண்ணும் சாம்பலும் கேட்கும் என்று விளக்கினார். எழுதிக்கொள்ளச் சொன்னார். காட்டேரி இல்லை என்று ஆனதில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. காட்டேரி என்றால் எலுமிச்சம்பழத்தோடு என் பங்கு முடிந்திருக்கும்.

மூன்று பை ரத்தம் ஏற்றினார்கள். என் வகை அவளுக்குச் சேரவில்லை. என்னிடம் எடுத்து வைத்துக்கொண்டு இருப்பில் இருந்ததை அவளுக்குக் கொடுத்தார்கள். குழாயில் அது இறங்குவதை அவள் கண் கொட்டாமல் பார்த்தாள்.

"இது ஆரோடது மாமா?"

"தெர்லமே."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"அதெல்லாம் எழுதல."

"செத்துப்போனவங்களோடதா இருக்குமா?"

நர்ஸ் கேட்டுவிட்டு வந்தாள். "உயிரோட இருக்கறவங்ககிட்டதாம்மா எடுப்பாங்க. பேசாம படு. ரெண்டு பேரும் நல்லா வந்து சேந்தீங்க."

பட்டியால் கெடுதல் எதுவும் ஆகவில்லை என்று பரிசோதனையில் தெரிந்தது. ரத்தம் தேறிய பிறகுதான் கட்டியை எடுக்க முடியும், மூன்று மாதம் ஆகும், அதுவரை மாத்திரை என்றார்கள். மாத்திரையில் உடனே நிற்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும். அனுப்பும்போது டாக்டரம்மா என்னை மட்டும் கூப்பிட்டார். "தனியா படுக்க விடாதே. திடீர்னு நிறையப் போச்சுன்னா கூப்பிடக்கூட தெம்பு இருக்காது. இந்தத் தடவயே ஒரு வாரம் விட்டிருந்தா காலைல தட்டு வெச்ச எடத்துலயே இருந்திருக்கும்."

வீட்டுக்கு வந்த அன்று பொழுது சாய்கிற நேரம். ஆட்டோவை விட்டு இறங்கியதும் அவள் நேராகப் பின்பக்கம் நடந்தாள்.

"உள்ள வாமே," என்றேன்.

"நிக்கலியே மாமா."

"டாக்டரம்மா சொன்னாங்க."

"அவங்க வூட்லயா சாமி இருக்குது? நம்ம வூட்லதான இருக்குது." கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே வரச் சொல்லி இழுக்க எனக்கும் தைரியம் இல்லை. மஞ்சள் துணி எனக்கும்தான் சாமி.

நான் உள்ளே போய் என் பாயை எடுத்தேன். தலையணையையும், மாத்திரைப் பையையும், தண்ணீர்க் குடத்தையும் எடுத்தேன். கொட்டகைக்குள் கொண்டுபோய் அவள் பாயை ஒட்டி விரித்தேன். அவளைத் தொட்டுவிட்டால் குளிக்காமல் நானும் உள்ளே போக முடியாது என்பது இருவருக்கும் தெரியும். அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

வேலிக்கு அப்பாலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "இன்னாப்பா, நீயும் ஒக்காந்துட்டியா? இப்ப ஒங்க ரெண்டு பேருக்கும் ஆரு சோறாக்கறது?"

"நீதான்," என்றாள் என் மனைவி. பத்து நாளில் அவள் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அது. அக்கா முனகிக்கொண்டே அடுப்புப் பற்றவைக்கப் போனாள்.

கொட்டகையிலிருந்து பார்த்தால் எங்கள் வீட்டுப் பின்கதவு நேராகத் தெரியும். திறந்தபடியே விட்டுவிட்டேன். உள்ளே விளக்குப் போடவில்லை. நான் தினமும் புழங்கும் வீடுதான், அங்கிருந்து பார்க்கும்போது யார் வீடோ போல இருந்தது. இருட்ட இருட்ட, அடுப்படிப் பக்கம் ஏதோ அசைவதுபோல இருந்தது.

"உள்ள ஆரோ நடக்கிறாப்ல இருக்குதுல்ல?" என்றாள்.

"ஆமா."

"தெனமும் இருக்கும். அது நீதான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சாலும், கூப்புட பயமா இருக்கும் மாமா."

கதவைச் சாத்திவிட்டு வரவா என்று கேட்டேன். அவள் என் கையை விடவில்லை.

"தொறந்தே இருக்கட்டும். நீதான் இங்க இருக்கியே, உள்ள ஆருன்னு பாப்போம்," என்றாள்.