தேர் நாளில் நகராத புள்ளி

நான் நேரில் ஒரு சிங்கத்தைக் கூடக் கண்டதில்லை. ஆனால் பத்தொன்பது வருடமாகச் சிங்கங்களைப் பின்தொடர்வதுதான் என் வேலை. ஆப்பிரிக்கக் காப்புக்காடு ஒன்றின் சிங்கங்களைக் கணக்கெடுக்கும் சின்ன ஒபீஸ் எங்களுடையது. பாரிஸின் லா சப்பலில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை, கீழே மரக்கறிக் கடை. புதிதாக வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று எங்கள் பொறுப்பாளர் மதாம் எலன் கேட்டார். நல்ல கதைகள் நிறைய உண்டு. அவற்றை அவரே சொல்லுவார். நான் பிழைவிட்ட கதையை எழுதுகிறேன்.

1. மெனாஜுக்குப் போன இடம்

முதலில் அந்த ஒபீஸுக்கு நான் மெனாஜ் என்கிற துப்புரவு வேலைக்குத்தான் போனேன். ஒருநாள் மேசையைத் துடைக்கும்போது இரண்டு சிங்கப் படங்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டுக்கும் இரண்டு இலக்கம் போட்டிருந்தார்கள். "இது இரண்டும் ஒரே ஆள்" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். மதாம் சிரித்துவிட்டு, பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தார்.

சிங்கத்தின் மீசை மயிர் முளைக்கும் இடத்தில் வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். ஒன்றுக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இராது. நம்முடைய கைரேகை மாதிரி. அது எனக்கு அன்றைக்குத் தெரியாது, கண்ணில் பட்டதைச் சொன்னேன். அடுத்த மாதம் என் கையில் தும்புத்தடிக்குப் பதிலாக மவுஸ் இருந்தது.

2. பெரியவனும் சின்னவனும்

காட்டில் எங்களுக்கு இருந்த ஆள் அன்ரன் அண்ணை. மன்னார்க்காரர், பாரிஸுக்குப் பக்கத்தில் பொபினியில் கராஜ் வேலை செய்தவர். எங்கள் குழுவின் ஜீப்பைத் திருத்த ஒரு மாதத்துக்கென்று காட்டுக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். தடம் பார்க்கவும், மயக்க ஊசி சுடவும், சிங்கத்துக்குக் கொலர் பூட்டவும் பழகிக்கொண்டார். கொலர் என்பது கழுத்துப்பட்டி. நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அது தான் நிற்கும் இடத்தைச் செய்மதி வழியாக அனுப்பும். அது என் திரையில் ஒரு புள்ளியாக விழும். முகாமில் இன்டர்நெட் இல்லாதபடியால் அண்ணை தினமும் காலை பத்து மணிக்குச் செய்மதித் தொலைபேசியில் எடுத்து என்னிடம்தான் கேட்பார்.

ஆண் சிங்கங்கள் வளர்ந்ததும் கூட்டத்தை விட்டுப் போய்விடும். அண்ணன் தம்பிகள் சேர்ந்தே திரியும். இதை நாங்கள் கூட்டு என்போம். கூட்டாக இருந்தால்தான் ஓர் எல்லையைப் பிடித்துவைக்கலாம். தனி ஆணை வேறு ஆண்கள் வந்து விரட்டிவிடும், வந்தவை பழைய குட்டிகளையும் கொன்றுவிடும். எங்களுடைய கூட்டு இரண்டு பேர். அண்ணை அவர்களுக்கு வைத்த பெயர் பெரியவன், சின்னவன். ஒன்றாகவே திரிபவர்கள் என்பதால் கொலர் பெரியவனுக்கு மட்டும்தான். அந்த வருடம் அவர்களுடைய எல்லைக்குள் ஐந்து குட்டிகள் இருந்தன. ஐந்தின் முகமும் எனக்கு மனப்பாடம்.

3. ஞாயிற்றுக்கிழமை

அன்று ரூ பஜோல் தெருப் பிள்ளையார் கோயிலில் தேர். ஒபீஸ் பூட்டு. சனத்துக்குள் நெரிபட்டுக்கொண்டு நிற்கும்போது சட்டைப்பையில் போர்ட்டபிள் போன் அடித்தது.

"தம்பி, பெரியவன் எங்கை நிக்கிறான்?"

போனின் சின்னத் திரையில் வரைபடத்தைத் திறந்தேன். "வெள்ளிக்கிழமை நிண்ட இடத்திலைதான் அண்ணை. ஆத்துக்கு அங்கால."

"மூண்டு நாளா ஒரே இடமோ? போய்ப் பாக்கட்டே? வெள்ளம் ஏறிக் கிடக்கு, ஜீப் போகாது. இப்ப நடக்க வெளிக்கிட்டா பொழுதுபடப் போய்ச் சேருவன்."

பெண்ணோடு சேரும் காலத்தில் ஆண் சிங்கம் மூன்று நான்கு நாள் ஓரிடத்தை விட்டு அசையாது. அதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். கொலர் அசையாமலே கிடந்தால் சாவு அறிவித்தல் வரும், அதுவும் வரவில்லை. முன்னால் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"வேண்டாம் அண்ணை. பொம்பிளையோடை நிக்கிறான். கிட்டப் போய்க் குழப்பாதேங்கோ."

"நீ வடிவாப் பாத்தனியே?"

"ஓம் அண்ணை, பாத்தனான்."

நான் வடிவாக, ஊன்றிப் பார்க்கவில்லை.

4. திங்கட்கிழமை

காலை எட்டு மணிக்குப் பெரிய திரையில் புள்ளிகளை விரித்தேன். சோடி சேர்ந்து நிற்கும் சிங்கம் நிழல் தேடி அங்கும் இங்கும் மாறிப் படுக்கும். ஒரு பந்தடி மைதானம் அளவுக்காவது புள்ளிகள் சிதறிக் கிடக்கும். இங்கே எல்லாப் புள்ளியும் நான் இருந்த அறையளவு இடத்துக்குள் கிடந்தன. அப்போதுதான் எனக்கு விளங்கியது. கள்ள வேட்டைக்காரர் மான் பிடிக்கக் கட்டும் கம்பிச் சுருக்கில் அவன் மாட்டியிருந்தான். உயிரோடு இழுத்துக்கொண்டே இருந்தபடியால்தான் சாவு அறிவித்தல் வரவில்லை.

அண்ணைக்கு எடுத்தேன். அவர் தொலைபேசியை வைத்துவிட்டு, இரண்டு காவலர்களோடு நடக்கத் தொடங்கினார். பின்னேரம் ஆறரைக்கு எடுத்தார்.

"முடிஞ்சுது தம்பி."

"எப்ப அண்ணை?"

"கன நேரமில்லை. உடம்பிலை இன்னும் சூடு கிடக்கு." பிறகு சொன்னார்: "சின்னவன் பக்கத்திலை படுத்திருந்தவன். எங்களைக் கண்டும் எழும்பேல்லை. வெடிச்சத்தம் போட்டுத்தான் விலத்தினது."

நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். மதாம் எலன் தோளைத் தொட்டு, "நானும் சோடி என்றுதான் நினைத்திருப்பேன்" என்றார். அந்த ஆறுதலை வாங்கிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் அவர் பெரிய திரையில் புள்ளிகளை விரித்துப் பார்த்துவிட்டுத்தான் எதையும் நினைத்திருப்பார்.

5. பிறகு வந்த படங்கள்

ஒரு மாதத்தில் காட்டுக் கமராக்களில் இரண்டு புது ஆண்கள் விழுந்தார்கள். மீசைப் புள்ளியை எண்ணி இலக்கம் கொடுத்தேன். குட்டிகள் ஒவ்வொன்றாகப் படங்களில் இல்லாமல் போயின. கடைசியில் ஐந்து பேருடைய பதிவுத் தாளிலும் "இறந்திருக்கலாம்" என்று நானே எழுதினேன். சின்னவன் ஒரேயொரு படத்தில் வந்தான். முகத்தின் இடப்பக்கம் கிழிந்திருந்தது, அந்தப் பக்கத்தில் புள்ளியே இல்லை. வலப்பக்கத்தை வைத்துத்தான் அவன் என்று கண்டுபிடித்தேன். அதன்பின் அவன் வரவில்லை.

கிறிஸ்மஸுக்கு அன்ரன் அண்ணை பாரிஸ் வந்தார். லா சப்பல் தேத்தண்ணிக் கடையில் இருந்தோம். ஒரு பையிலிருந்து பெரியவனின் கொலரை எடுத்து மேசையில் வைத்தார்.

"அண்ணை, அண்டைக்கு நான் வடிவாப் பாக்கேல்லை. தேரிலை நிண்டனான்."

"தெரியும். தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது."

"அப்ப ஏன் நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை?"

அவர் கண்ணாடிக் கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "வெள்ளத்துக்கை நடக்க எனக்கும் பஞ்சியும் அலுப்புமாத்தான் கிடந்தது, தம்பி. நீ வேண்டாம் எண்டது எனக்கு வசதியாப் போச்சு. ஒருக்கா நீ தெரியேல்லை எண்டு சொல்லியிருந்தா நான் போயிருப்பன்."

ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு அவர் வில்லியே லே பெல்லில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக எழும்பினார். கொலரை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அது என் மேசையிலேயே இருந்தது, இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். காட்டில் நிற்கிற ஆள் தொலைபேசியில் கேட்கும்போது, பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லாதீர்கள். "இன்னும் பார்க்கவில்லை" என்று சொல்லுங்கள். அன்றைக்கு நான் அதைச் சொல்லியிருந்தால் அன்ரன் அண்ணை ஞாயிற்றுக்கிழமையே மயக்க ஊசியோடு நடந்திருப்பார். போய்ச் சேரும்போது பெரியவன் உயிரோடு இருந்திருப்பான்.