அப்பாவின் சட்டசபையில் ஓர் இருக்கை

அப்பாவை வழியனுப்பியபோது நடந்தவை:

1. நீல வண்ணம் பூசிய, ஆலையில் நூல் சுற்றும் பாபின் கட்டை ஒன்றை அப்பாவின் வலக்கையில் வைத்தேன். அது அவரோடு மயானத்துக்குப் போனது.
2. அம்மாவும் மகளான நானும்கூட மயானத்துக்குப் போனோம்; பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் அக்கா மட்டும் தங்கி, எங்கள் வீட்டைக் கழுவிவிட்டார்.
3. நாங்கள் திரும்பியபோது, அப்பாவின் அறையிலிருந்த மாதிரிச் சட்டசபையில் நீலக் கட்டை ஒன்று நின்றது.
4. மறுநாள் சாம்பல் அள்ளுகையில், எரிந்துபோன பாபின் கட்டையின் தகர வளையம் தம்பிக்குக் கிடைத்தது.

உறவினர்கள் பலர் இதுபற்றி என்னிடம் கேட்டீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

அப்பா வத்திராயிருப்பில் பிறந்தார். சிறு வயதில் தந்தையை இழந்தார். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தபடியே வரலாறு படித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி ஆசிரியரானார். மாகாணச் சட்டசபையின் தொடக்க காலத்தில், எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காமல், பல குழுக்கள் சேர்ந்து அமைச்சரவை அமைத்ததை மாணவர்களுக்கு விளக்க விரும்பினார். ஆலையில் கழித்துப்போட்ட மரப் பாபின் கட்டைகளை வாங்கி வந்து, உறுப்பினருக்கு ஒன்றாகப் பலகையில் நிறுத்தினார். வலப்புறம் ஆளும் வரிசை, இடப்புறம் எதிர்வரிசை.

"நம்ம வீட்டுலயும் கூட்டணி ஆட்சிதான். உங்கம்மா ஆதரவை வாபஸ் வாங்கிட்டா அடுப்படி கவுந்துரும்" என்பார்.

"மந்திரி மொதல்ல சாப்பிட்ட தட்டைக் கழுவட்டும்" என்பார் அம்மா.

வீட்டு முடிவுகளுக்கும் கட்டை வைத்துத்தான் வாக்கெடுப்பு. நான் வெளியூர் போய் இன்ஜினியரிங் படித்தது ஒரு கட்டை வித்தியாசத்தில் நிறைவேறியது.

சபையில் ஓர் இடம் மட்டும் நிரம்பவில்லை. நம் பகுதியிலிருந்து சென்ற ஒரு சுயேச்சை உறுப்பினர் எந்தப் பக்கம் அமர்ந்தார் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. அவருக்கான கட்டைக்கு மட்டும் நீலம் பூசி, அப்பா மேசையில் தனியே வைத்திருந்தார். பள்ளி அந்த மாதிரியைக் கேட்டபோதெல்லாம், "அந்த ஆளை உட்கார வச்சிட்டுத் தாரேன்" என்று தள்ளிப்போட்டார்.

மருத்துவமனையிலும் அதே நினைப்புதான். "நம்ம ஊர்க்காரரை ஆளும் வரிசையில உட்கார வைக்கத்தான் எனக்கு ஆசை. ஆனா ஆசை சான்று ஆகாதுட்டி" என்றார். அதனால்தான் அந்தக் கட்டையை அவர் கையிலேயே கொடுத்தனுப்பினேன்.

திரும்பி வந்தபோது கட்டை நின்றது எதிர்வரிசையில்.

பொன்னுத்தாய் அக்காவிடம் கேட்டேன். "நான் ஏன் அந்த ரூமுக்குள்ள போறேன்? உள்ள நாற்காலி இழுக்குற சத்தம் கேட்டுச்சு. சார் எழுத உட்கார்ந்துட்டாருன்னு நெனச்சுத் தொடைச்சுக்கிட்டே இருந்தேன். பொறவுதான், சாரை இப்பத்தான தூக்கிட்டுப் போனாகன்னு ஒறைச்சுச்சு" என்றார்.

காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வேறு கட்டையாக இருக்கலாம் என்றால், நான் குழந்தைப் பருவத்தில் கடித்த பல் தடம் இதிலும் இருக்கிறது. யாரேனும் வைத்திருக்கலாம் என்றால், ஒருநாள் நானே அதை எடுத்து மேசையில் வைத்து, அறையைப் பூட்டிச் சாவியை என்னிடமே வைத்துக்கொண்டேன். இரவில் உள்ளே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. காலையில் திறந்தபோது எதிர்வரிசையில் அதே இடத்தில் நின்றது.

"இனிமே தொடாதட்டி. அவிய சபை நடக்கு" என்றார் அம்மா.

முதலாண்டு நினைவு நாளை ஒட்டி, மாதிரியைப் பள்ளிக்குக் கொடுப்பதென்று முடிவானது. நீலக் கட்டையை எடுத்துவிட்டு, இடத்தைக் காலியாகவே கொடுக்கலாம் என்றேன். சான்றில்லாமல் ஒருவரை உட்கார வைத்தால், அப்பாவின் உழைப்பு முழுவதுமே பொய்யாகிவிடும் என்பது என் பயம்.

அம்மா மறுத்தார். "அவிய ஆசைப்பட்டது அந்தப் பக்கம். கட்டை நிக்கது இந்தப் பக்கம். ஆசைக்கு வச்சிருந்தா அங்கேல்ல வச்சிருப்பாவ? அங்க போயி அந்த ஆளையே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் வச்சிருக்காவ."

வாக்கெடுப்பில் தம்பி அம்மா பக்கம் சேர்ந்தான். நான் தோற்றேன்.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர், செவிலியர்கள், அவரைத் தோளில் சுமந்த மாணவர்கள், அன்று வீட்டைத் தனியே விடாத பொன்னுத்தாய் அக்கா எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்றைய நிலை: மாதிரி பள்ளி நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. மற்ற எல்லாக் கட்டைகளுக்கும் கீழே பெயர் அட்டை உண்டு. நீலக் கட்டை எதிர்வரிசையில், அட்டை இல்லாமல் நிற்கிறது. வீட்டில், அப்பாவின் அறையில் நாற்காலிச் சத்தம் இப்போது கேட்பதில்லை.