தகர டப்பாவில் வைத்த தண்ணீர்

கோலார் தங்க வயலில் துணிக்கடை வைத்திருக்கும் நான், சுரங்கத் தொழிலாளர்கள் எழுதப் படிக்கக் கற்க வேண்டுமென்று சென்ற வருஷம் சொந்தச் செலவில் ஓர் இலவசப் பள்ளி திறந்தேன். பகல் ஷிப்டு முடிந்து ஆண்கள் வருவார்கள். தங்களுக்கும் சொல்லித்தரும்படி பெண்கள் கேட்டபோது, "உங்களுக்கு எதற்கு?" என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

பங்குனி வெயிலுக்குப் பள்ளியில் தண்ணீர் வைக்கலாமென்று சந்தையில் ஒரு பழைய தகர டப்பா வாங்கி நிரப்பினேன். படிக்க வந்த முனுசாமி என்பவருக்கு முதல் குவளையை நானே மொண்டு கொடுத்தேன். அவர் வாயருகே கொண்டுபோனதும், வாசலில் காத்திருந்த அவர் மனைவி கன்னியம்மாள் ஓடிவந்து தட்டிவிட்டாள்.

"இன்னா சாமி இது! தங்கத்தைக் கரைக்கிற வெஷம் வர்ற டப்பா இது. நான் தங்கக் கல்லு அரைக்கிற மில்லுல கூட்டறவ, தெனம் பாக்கறேன். மேல எழுதிக்கீதே, நீங்க படிக்கலியா?"

டப்பாவைத் திருப்பினேன். 'விஷம்' என்று ஆங்கிலத்தில் பெரிதாக அச்சிட்டிருந்தது. ஆங்கிலம் தெரிந்த நான் அதைப் பார்க்கவே இல்லை. யாரும் தொடாதபடி டப்பாவை எடுத்து அப்புறப்படுத்தினேன்.

மறுநாள் அவளைப் படிக்க வரச்சொன்னேன். "நான் மட்டுமா? எங்க லைன் வூடுங்கள்ல இருக்கற பொம்பளைங்க எல்லாரும் வர்றோம்" என்றாள்.

இப்போது பதினொரு பெண்கள் வருகிறார்கள். யார் வந்து கேட்டாலும், "எதற்கு?" என்று நான் கேட்பதில்லை.