பால் கொடுக்க ஒரு அறை

அந்த அறைக்காக நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமில்லை. கல்கத்தாவுல பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கத்துல ஒரு பெண்கள் பள்ளியில நான் கணக்கு டீச்சர்; பிள்ளைங்க 'தீதி', அக்கான்னு கூப்பிடுவாங்க. பத்தாம் வகுப்புல ஒருத்தி, பதினாறு வயசு, கையில நாலு மாசப் பையன். அவ படிப்பை விடாம இருக்கணும்னா மத்தியானம் பால் கொடுக்க ஒரு இடம் வேணும். "இது ஸ்கூலா, ஆஸ்பத்திரியா?"ன்னாங்க ஹெட்மிஸ்ட்ரஸ். "உடைஞ்ச பெஞ்சைப் போட்டு வைக்க ரூம் இருக்கு, பிள்ளைக்குப் பால் கொடுக்க இல்லையா?"ன்னு கத்திட்டேன். கடைசியில கிடைச்சுது.

டிபன் நேரத்துல அவ மாமியார் பையனைத் தூக்கிட்டு வருவா. இவ பால் கொடுத்துட்டு, முகம் கழுவிட்டு அடுத்த பீரியடுக்கு ஓடி வருவா. கணக்குல புலி! பள்ளியில வைக்கற டெஸ்ட்ல தேறினாத்தான் மாத்யமிக், பத்தாவது சர்க்கார் பரீட்சை, எழுதலாம். கட்டாயம் எழுதிடுவான்னு பார்க்கறவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

மழை ஆரம்பிச்சுது. தெருவெல்லாம் முழங்கால் தண்ணி. பிள்ளை நனையவேண்டாம்னு மாமியார் புட்டிப்பாலுக்குப் பழக்கினா. இவ மட்டும் நனைஞ்சுண்டே வந்தா. நல்லதாப் போச்சுன்னுதான் நானும் நெனச்சேன்.

ரெண்டு மூணு மாசம் கழிச்சு மழை விட்டதும் பையனை மறுபடி கொண்டுவந்தா. இவ வாங்கினதும் மூஞ்சியைத் திருப்பிண்டு வீல்னு கத்தினான். மாமியார் கைக்குப் போனதும் கப்சிப். இவ சுவத்தையே பார்த்துண்டு உக்காந்திருந்தா. மறுநாள்லேர்ந்து பள்ளிக்கு வரலை.

வீட்டுக்குப் போனேன். கத்தற பிள்ளையை இறுக்கிப் பிடிச்சுண்டு உக்காந்திருக்கா, யார்கிட்டயும் கொடுக்கலை. மாமியாரைக் காட்டி, "அவங்களைத்தான் மா மாங்கறான், தீதி"ன்னா.

"பச்சப் பிள்ளைடி, அதுக்கென்ன தெரியும்? போகப்போக சரியாயிடும்."

பள்ளிக்குப் போம்மான்னு மாமியாரும் கெஞ்சினா. பாவம், படிக்கிற மருமகள்னு அவளுக்குப் பெருமை. யாரைத் திட்டறது? திட்டறதுக்கு ஒரு ஆளாவது இருந்திருந்தா எனக்கு ஆறியிருக்கும்.

டெஸ்ட் அன்னிக்கு வந்தா. யூனிஃபார்ம், இடுப்புல பையன். எனக்கு உசிரே திரும்பி வந்துது. பின்னாடியே வந்த மாமியார் கையை நீட்டினா. பையன் போகலை, இவ கழுத்தைக் கட்டிண்டான். முதல் மணி அடிச்சாச்சு. "கொடுத்துட்டு ஓடுடி, கேட்டைச் சாத்திடுவாங்க!"ன்னு நான் கத்தறேன்.

"இப்பத்தான் தீதி எங்கிட்ட வர ஆரம்பிச்சிருக்கான்"னு சொல்லிட்டு, பையனை இன்னும் இறுக்கிண்டு திரும்பி நடந்தா. நான் கேட்டைப் பிடிச்சுண்டு நின்னேன்.