காலண்டருக்குக் கொடுத்த வியாதிகள்

டானிக் விற்பவனுக்கு வாய்தான் முதல் என்பார்கள். எங்கள் கம்பெனிக்குக் காதுதான் முதல்.

பிரெஞ்சுக்காரன் காலத்தில் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் டானிக் ஏஜெண்டாக அலைந்தவன் நான். கேட்காமலே ஏதோ ஒரு மருந்துக் கம்பெனியின் விளம்பரத் தபால் கார்டு உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால், அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு. திட்டிவிட்டு மேலே படியுங்கள்.

படத்துக்கு ஏற்ற நோவு

பெயர், வயசு, தெரு, வீட்டில் யாருக்கு என்ன வியாதி, இவ்வளவையும் சொல்கிறவர்களுக்குச் சாமி படம் போட்ட காலண்டர் இனாம். எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். நல்லவாட்டில் ஒரு மீனவர், கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு. வியாதி இல்லாவிட்டால் காலண்டர் இல்லை என்றேன். யோசித்துவிட்டு, தலைவலி என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். முருகர் படத்தைக் கொடுத்தேன். அதற்குள் பையிலிருந்த பெரிய படத்தைப் பார்த்துவிட்டார்.

“லச்சுமி படத்துக்கு இன்னா நோவு சொல்லணும்?”

காதோடு சொன்னது

எல்லோரும் அப்படி இல்லை. ஏம்பலத்தில் கோவிந்தசாமி என்று ஒரு கரும்பு விவசாயி. அவர் காலண்டரே கேட்கவில்லை. என்னைத் தனியாகக் கொல்லை வரை கூட்டிப்போய், மகள் அஞ்சலைக்கு எப்போதாவது வலிப்பு வருகிறது, டானிக்கில் நிற்குமா என்று கேட்டார். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிற்கும் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. கம்பெனியில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதிக்கொண்டேன்.

“உன் நோட்டோட இருக்கட்டும்பா. ஊருக்குத் தெரிய வாணாம்.”

நாலு பிரதி

வருஷக் கடைசியில் புதுச்சேரி ஆபீசில் என் நோட்டைப் பார்த்துக் குமாஸ்தா நாலு பிரதி எழுதிக்கொண்டிருந்தார். எல்லாம் வேறு கம்பெனிகளுக்கு விற்பதற்காம். ஏம்பலத்துப் பெண் பெயரை மட்டும் அடித்துவிடலாமா என்று கேட்டேன். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் மெதுவாகத்தான் கேட்டேன்.

“தலவலிய எவன்யா வாங்குறான்? இந்த மாதிரி பேருக்குத்தான் கிராக்கி.”

தபால்காரர் செய்த உபகாரம்

எழுத்துத் தெரியாத வீட்டுக்குக் கார்டு வந்தால், தபால்காரரே வாசலில் நின்று உரக்கப் படித்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். கிருமாம்பாக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் கோவிந்தசாமி வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த அன்று, யாரும் கேள்விப்படாத ஒரு வலிப்பு மருந்துக் கம்பெனியின் கார்டு அஞ்சலை பெயருக்கு வந்தது. மனுஷர் ஒரு வரி விடாமல் படித்தார். வந்தவர்கள் வெற்றிலையைக்கூடத் தொடாமல் வண்டி பூட்டினார்கள்.

விஷயம் தெரிந்து மறுவாரம் போனேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை. உட்காரச் சொல்லிவிட்டு, அந்தக் கம்பெனிக்குத் தன் மகள் பெயர் எப்படிப் போனது என்று மட்டும் கேட்டார். மறைக்க மனசு வரவில்லை. நோட்டை விற்றதைச் சொன்னேன்.

“விக்கிறதுன்னு சொல்லியிருந்தா, எம் பொண்ணு பேர நானே வாங்கியிருப்பனே.”

இத்தனைக்கும், காலண்டர் இனாம் என்றுதான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.